பயிற்சியில் 94, பரீட்சையில் 64: யாழ்ப்பாணத்து விமானி மாணவன் ஒருவனின் எழுத்துப் பரீட்சைகள்

2024 பெப்ரவரியில் ஒரு மாலை. உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு பலாலி வீதியில் கலைந்துகொண்டிருந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்தவன் ஒருவன் கொட்டில் வாசலில் வந்து நின்றான். எப்போதும் சிரித்த முகத்தோடு வருகிற பிள்ளை. அன்று சிரிக்கவில்லை.

"சேர், மூன்று பாடம் போய்விட்டது" என்றான்.

கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பொது வழிநடத்தல் 64. வானிலையியல் 71. விமானச் செயல்திறன் 68. சித்தியடைய 75 வேண்டும். பிறகு கைப்பேசியை எடுத்து, ஓர் ஆண்டாகப் பயிற்சி செய்த வினா வங்கியின் கணக்கைக் காட்டினான். பல்லாயிரம் வினாக்களுக்கு விடையளித்திருந்தான். சராசரி 94.

94 எடுக்கிறவன் 64க்கு எப்படி விழுகிறான்? அடுத்த ஓராண்டு நாங்கள் இருவரும் தேடியது இதைத்தான். விடையில் என் பங்கும் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும்.

பின்னணி

அவனுடைய தகப்பனார் புன்னாலைக்கட்டுவன் பக்கம் வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். அந்தச் செம்மண்ணில் நின்று நிமிர்ந்து பார்த்தால் பலாலியில் இறங்கும் விமானத்தின் வயிறு தெரியும். என் தலைமுறைக்கு விமானச் சத்தம் என்றால் பதுங்குகுழி. சத்தம் கேட்டதும் எந்தத் திசையில் ஓடுவது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொண்டோம். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதலாவது பயணமே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் தொட்டுச் சென்னைக்குப் போனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது யாரோ கண்ட கனவுபோல இருந்தது. இவன் உயர்தரப் பரீட்சை எழுதியது 2019 ஓகஸ்டில். அதே ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கியது. மதிலில் ஏறி நின்று அந்த விமானத்தைப் பார்த்தவன், அதை ஓட்ட வேண்டும் என்று வீட்டில் சொன்னான். தாயார் அன்றிரவு சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னான்.

இரத்மலானையில் பயிற்சி பெற்றுத் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்தான். அடுத்த படியாக ஐரோப்பிய முறைமையைத் தேர்ந்தெடுத்தான். அவனுடைய சித்தி ஐரோப்பாவில் இருந்தார், தங்க இடம் இருந்தது. தனியார் அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் விமான சேவை விமானிக்குரிய கோட்பாட்டுப் பாடநெறியைத் தொலைக்கல்வியாகப் படிக்க அந்த முறைமையில் இடமுண்டு. குறைந்தது 650 மணித்தியாலப் பாடநெறி அது. அதில் பத்திலொரு பங்காவது நேரடி வகுப்பாக இருக்க வேண்டும். மிகுதியை அவன் ஊரிலிருந்தே படித்தான்.

தொடங்கிய ஆண்டு 2022. அந்த மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது மே மாதத்தில் 360ஐத் தொட்டது. யூரோவில் கட்ட வேண்டிய பணத்துக்காக நான்கு பரப்புக் காணி போனது. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு. பகலில் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலும், இரவில் மின்கலத்தில் எரியும் சிறிய விளக்கிலும் படித்தான். உழைப்புக் குறைவு என்று யாரும் இவனைச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வழக்கு ஆராயத் தக்கது என்று நினைத்தேன்.

பரீட்சையின் அமைப்பு

பாடங்கள் 13. விமானச் சட்டம், விமானத்தின் உடலும் தொகுதிகளும், கருவிகள், திணிவும் சமநிலையும், செயல்திறன், பயணத் திட்டமிடல், மனித ஆற்றல், வானிலையியல், பொது வழிநடத்தல், வானொலி வழிநடத்தல், இயக்க நடைமுறைகள், பறத்தல் தத்துவம், தொடர்பாடல். பெரும்பாலும் பல்தேர்வு வினாக்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியே 75 சதவீதம் வேண்டும். ஒன்றில் அள்ளிய புள்ளியை இன்னொன்றுக்கு ஈடு காட்ட முடியாது.

அதைவிடக் கடுமையானது கடிகாரம். முதல் பரீட்சை எழுதிய மாதத்தின் முடிவிலிருந்து 18 மாதங்களுக்குள் 13 பாடங்களும் முடிய வேண்டும். ஒரு பாடத்தை நான்கு தடவைதான் எழுதலாம். நான்காவது தடவையும் தவறினால், அல்லது 18 மாதம் கடந்தால், சித்தியடைந்த பாடங்கள் உட்பட எல்லாவற்றையும் மேலதிகப் பயிற்சியோடு முதலிலிருந்து எழுத வேண்டும். இவன் முதல் தடவை எழுதியது 2023 செப்டெம்பரில். ஆகவே 2025 மார்ச் 31 கடைசி நாள்.

பாடங்களின் ஆழத்தைப் பார்த்தால் எங்கள் உயர்தரக் கணிதப் பிரிவுப் பிள்ளைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. வகையீடு, தொகையீடு எதுவும் கிடையாது. சைன், கோசைன், விகிதம், வரைபை வாசித்தல், அவ்வளவுதான். "உயர்தரத்தைவிட இலகு" என்று அவனுடைய நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் இவனை ஏமாற்றியது.

முதல் வெற்றியில் ஒளிந்திருந்த பிழை

முதல் அமர்வில் எழுதியவை விமானச் சட்டம், மனித ஆற்றல், இயக்க நடைமுறைகள், தொடர்பாடல். நான்கிலும் சித்தி. சட்டத்தில் 90க்கு மேல். எண்ணிக்கைகளையும் வரையறைகளையும் அப்படியே நினைவில் வைத்திருந்தால் தேறக்கூடிய பாடங்கள் அவை. வினா வங்கியைத் திரும்பத் திரும்பச் செய்தான், கேள்வியைக் கண்டதும் விடை வந்தது, புள்ளியும் கிடைத்தது. தன் வழி சரி என்று நம்பினான். வெற்றி தந்த முறையை எவரும் சந்தேகிப்பதில்லை.

2024 ஜனவரியில் இரண்டாம் அமர்வு. பொது வழிநடத்தல், வானிலையியல், செயல்திறன், திணிவும் சமநிலையும். கடைசிப் பாடம் மட்டும் தப்பியது.

சரி, அந்த முறையை அவன் எங்கே கற்றான்? என் கொட்டிலில்தான். உயர்தரப் பௌதிகவியலின் முதலாம் பகுதியில் இரண்டு மணித்தியாலத்துக்கு 50 பல்தேர்வு வினாக்கள். இருபது ஆண்டுகளாக நான் பிள்ளைகளுக்குச் சொன்னது ஒன்றே: கடந்தகால வினாத்தாள்களைச் செய், மாதிரியைப் பிடி, நேரத்தை வெல். எத்தனையோ பிள்ளைகள் அதனால் பல்கலைக்கழகம் போனார்கள். அதை நான் இன்றும் மறுக்கவில்லை. ஆனால் மாதிரியைப் பிடிப்பதும் பொருளை விளங்குவதும் வேறு வேறு என்பதை அவர்களுக்கு நான் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை என் பாடத்தை மிக நேர்மையாகக் கடைப்பிடித்தான். பதினான்காயிரம் கிலோமீற்றர் போய் வந்து அதற்குரிய விலையைக் கொடுத்தான்.

தோடம்பழமும் நூலும்

அடுத்த நாள் அவனுக்கு ஒரு வினா கொடுத்தேன். 60 பாகை வட அகலக்கோட்டில் இரண்டு இடங்கள், இடையே 60 பாகை நெடுங்கோட்டு வித்தியாசம். மேற்கிலுள்ள இடத்திலிருந்து கிழக்கிலுள்ள இடத்துக்குப் பெருவட்டப் பாதையில், அதாவது கோளத்தின் மேல் மிகக் குறுகிய பாதையில் போனால், ஆரம்பத் திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ண எத்தனை பாகை? கேள்வியை முடிக்கு முன்பே "064" என்றான். சரியான விடை. அகலக்கோட்டை மட்டும் 10 பாகையாக மாற்றி, மிகுதியை அப்படியே வைத்து மறுபடி கேட்டேன். சற்றுத் தயங்கி, மீண்டும் "064" என்றான்.

கோளத்தில் நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி ஒருங்குகின்றன. இரண்டு நெடுங்கோடுகளுக்கு இடையிலான ஒருங்கு கோணம், நெடுங்கோட்டு வித்தியாசத்தை அகலக்கோட்டின் சைனால் பெருக்கக் கிடைக்கும். 60 பாகையில் அது 52. அதில் பாதியை நேர் கிழக்கான 090இலிருந்து கழித்தால் 064. 10 பாகையில் ஒருங்கு கோணம் 10.4 மட்டுமே, பாதி 5.2, விடை ஏறத்தாழ 085. சூத்திரம் அவனுக்குத் தெரியாததல்ல. கேட்டால் எழுதிக் காட்டுவான். ஆனால் அந்த வடிவத்தில் கேள்வி வந்தால் 064 என்று அவன் மனம் முடிவுகட்டிவிட்டது. வேலை தொடங்கு முன்பே விடை வந்து நின்றது.

அவனை ஒரு தோடம்பழம் வாங்கி வரச் சொன்னேன். பேனையால் அதில் நெடுங்கோடுகளும், நடுவரைக்குக் கிட்ட ஒரு அகலக்கோடும், காம்புக்குக் கிட்ட ஒன்றும் வரைந்தோம். ஒரு நூலை இரண்டு புள்ளிகளுக்கு இடையே இழுத்துப் பிடித்தான். நடுவரைக்குக் கிட்ட நூல் அகலக்கோட்டோடு ஒட்டியே கிடந்தது. காம்புக்குக் கிட்ட இழுத்தபோது நூல் அகலக்கோட்டை விட்டு விலகிக் காம்பை நோக்கி ஏறியது. நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "இவ்வளவுதானா சேர்?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. ஓராண்டு அவன் மனப்பாடம் செய்தது அந்த நூலுக்குள் இருந்தது.

இதைவிடப் பெரிய பாடம் எதையும் நான் அந்த ஆண்டில் நடத்தவில்லை.

எங்கள் வானமும் அவர்களின் வானமும்

வானிலையியலில் சிக்கல் வேறு மாதிரி. பாடநூலின் பெரும்பகுதி மத்திய அகலக்கோட்டு வானம். சூடான வளிமுகம், அதாவது சூடான காற்றுத் திணிவின் முன்விளிம்பு, நெருங்கும்போது முதலில் கீற்று முகில், பிறகு படலமாய் மூடும் முகில், பிறகு மந்தாரம், பிறகு விடாத மழை. முன்சாய்வு 150க்கு 1. குளிர் வளிமுகத்துக்கு 50க்கு 1. இவன் இவற்றைக் கண்ணால் கண்டதில்லை, காணவும் வழியில்லை. ஆகவே முழுக் கவனத்தையும் அங்கே கொட்டி மனப்பாடம் செய்தான். அயன மண்டலம் பற்றிய பகுதியை "எங்கள் ஊர்தானே" என்று புரட்டிவிட்டுப் போனான். புள்ளி போனது அங்கேதான்.

ஒரு மீனவப் பிள்ளையைக் கேட்டால் வாடை எப்போது எழும்பும், சோழகம் எப்போது மாறும், கச்சானில் கடல் எப்படி இருக்கும், கொண்டல் எதைக் கொண்டு வரும் என்று சொல்லும். வாடை என்பது வடகீழ்ப் பருவக்காற்று, சோழகம் என்பது தென்மேல் பருவக்காற்று என்ற இணைப்பை மட்டும் போட்டால் பாடத்தின் பாதி வந்துவிடும். வங்காள விரிகுடாவில் சூறாவளிகள் தென்மேல் பருவத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு காலங்களில் வருவதைப் பாடநூலில் படித்தபோது இவன் 2008 நவம்பரை நினைக்கவில்லை. நிஷா சூறாவளி மழையில் இவர்கள் வீட்டு முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அப்போது இவனுக்கு ஏழு, எட்டு வயது. "அது பாடம் என்று எனக்குத் தோன்றவில்லை சேர்" என்றான். ஊரில் கண்டது அறிவில்லை, நூலில் இருப்பதுதான் அறிவு என்ற எண்ணத்தை எங்கள் பள்ளிகள் ஆழமாக விதைத்திருக்கின்றன. எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

இன்னொரு நுட்பம். பூமியின் சுழற்சியால் காற்றைத் திருப்பும் கொரியோலிசு விசை அகலக்கோட்டின் சைனைப் பொறுத்தது. 50 பாகையில் சைன் 0.77. யாழ்ப்பாணத்தின் 9.8 பாகையில் 0.17. ஏறத்தாழ நாலரை மடங்கு வித்தியாசம். ஆகவே சமவமுக்கக் கோடுகளுக்குச் சமாந்தரமாகக் காற்று வீசும் என்ற கணக்கை நடுவரையின் இரு பக்கமும் 15 பாகைக்குள் நம்பக் கூடாது. நாங்கள் அந்தப் பதினைந்துக்குள் வாழ்கிறோம். அவன் மனப்பாடம் செய்த காற்று விதி எங்கள் கூரைக்கு மேல் செல்லுபடியாகாது. இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தான். தன் ஊர் பாடத்துக்குள் வந்ததும் அவனுக்கு முதல் முறையாக வானிலையியல் பிடித்துப்போனது.

அயன மண்டலத்தைப் புரட்டிவிட்டுப் போவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2009 யூன் 1ஆம் திகதியைச் சொன்னேன். ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் பறந்த எயார் பிரான்ஸ் 447 அத்திலாந்திக்கின் நடுவரைப் பகுதி இடிமுகில்களுக்குள் போனது. வேகத்தை அளக்கும் பீற்றோ குழாய்களில் பனிப்பளிங்கு அடைத்தது. தன்னியக்க ஓட்டி விலகியது. விமானத்தின் மூக்கு உயர்த்தியபடியே பிடிக்கப்பட்டு, ஏற்றம் இழந்து விழுந்தது. 228 பேரும் இறந்தார்கள். அன்று அந்த விமானி அறையில் வேண்டியிருந்தது, கருவி ஏன் இப்படிக் காட்டுகிறது என்று சில விநாடிக்குள் விளங்கும் அறிவு. இந்தப் பரீட்சைகள் விமானம் ஓட்டுவதற்கு உதவாதவை என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம். தேவையற்ற மனப்பாடத் துணுக்குகள் அதில் நிறைய உண்டு, அவற்றைக் குறைக்கலாம். ஆனால் பீற்றோ குழாய் அடைத்தால் என்ன நடக்கும் என்பது துணுக்கு அல்ல.

அதையே அவனிடம் கேட்டேன். பீற்றோ குழாய் அடைத்தபடி மேலேறினால்? "வேகமானி கூடுதலாகக் காட்டும்." சரி. சுற்றியுள்ள காற்றின் அமுக்கத்தை எடுக்கும் நிலையமுக்கத் துளை அடைத்தபடி மேலேறினால்? "கூடுதலாக." பிழை. முதலாவதில் மொத்த அமுக்கம் சிறைப்பட்டு, வெளியே நிலையமுக்கம் குறைந்துகொண்டே போகிறது, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கூடுகிறது. இரண்டாவதில் சிறைப்பட்டது நிலையமுக்கம். மொத்த அமுக்கம் குறையும்போது வித்தியாசம் சுருங்குகிறது, வேகமானி குறைவாகக் காட்டும். வேகமானி என்பது இரண்டு அமுக்கங்களின் கழித்தல் கணக்கு என்ற ஒரே வாக்கியம் விளங்கினால் நான்கு வினாக்களுக்கு விடை வரும். அவன் நான்கு விடைகளைத் தனித்தனியே பாடமாக்கி, ஒன்றைத் தவறவிட்டிருந்தான்.

மொழி

இவன் தமிழ்மொழி மூலம் படித்தவன். அமுக்கப் படித்திறன் என்றால் உடனே விளங்கும். பிரஷர் கிரேடியன்ட் என்றால் ஒரு கணம் நிற்பான். ஒரு வினாவுக்கு மிகக் குறைந்த நேரமே கிடைக்கிற பரீட்சையில் அந்த ஒரு கணங்கள் சேர்ந்து கால் மணித்தியாலமாகும். இதைவிடக் கொடியவை சின்னச் சொற்கள். 'அன்லெஸ்', 'லீஸ்ட் லைக்லி', 'நொட் இன்கரெக்ட்'. எதிர்மறைக்குள் எதிர்மறை வைத்துக் கேட்டால் சரியான பௌதிக அறிவோடு பிழையான விடையில் போய் நிற்பான்.

காற்றுத் திசை மாறுவதற்கு 'வீரிங்', 'பாக்கிங்' என்று இரண்டு சொற்கள். எது எது என்று எப்போதும் குழம்பினான். வலஞ்சுழி, இடஞ்சுழி என்று தமிழில் எழுதி, கோயில் வீதியை நாங்கள் சுற்றுவது வலஞ்சுழி, அது 'வீரிங்' என்றேன். அதற்குப் பிறகு ஒரு தடவையும் தவறவில்லை. முதலில் தமிழில் விளங்கு, பிறகு ஆங்கிலச் சொல்லை அதன்மேல் ஒட்டு என்பதே எங்கள் ஒழுங்கு. தமிழ்மொழி மூலம் படித்தது இவனுக்குக் குறை என்று பலர் சொன்னார்கள். நான் கண்டது மாறானது. ஆங்கிலத்தில் மட்டும் படித்த இடங்களில்தான் விளக்கம் மெலிந்திருந்தது.

பிழைக் கொப்பி

ஆறு வாரம் வினா வங்கியைத் திறக்கக் கூடாது என்றேன். அது பெரிய போராட்டமாக இருந்தது. கடிகாரம் ஓடுகிறதே என்று தகப்பனாரும் வந்து கேட்டார். "ஐயா, பிள்ளை நிறையப் படித்துவிட்டான், இனி விளங்கட்டும்" என்றேன். அவர் நம்பினாரா தெரியவில்லை, ஆனால் தடுக்கவில்லை.

மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு மணித்தியாலம். ஒரு தலைப்பை எடுத்து, பௌதிகம் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எங்கே வாய் தடுக்குகிறதோ அங்கே விளக்கம் இல்லை என்று பொருள். பிறகு ஒரு 160 பக்கக் கொப்பி. இடப்பக்கத்தில் தவறிய வினா, வலப்பக்கத்தில் விடையும், ஏன் தவறியது என்பதும். வாசிப்புப் பிழையா, விளக்கப் பிழையா, கணக்குப் பிழையா, நினைவுப் பிழையா என்று நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். நினைவுப் பிழை என்றே எல்லாவற்றையும் குறிப்பான் என்று இருவருமே எதிர்பார்த்தோம். முதல் மாத முடிவில் எண்ணிப் பார்த்தபோது அதுதான் மிகக் குறைவு. விளக்கப் பிழையும் வாசிப்புப் பிழையுமே பக்கங்களை நிறைத்திருந்தன.

ஆறு வாரத்துக்குப் பிறகு வினா வங்கிக்குத் திரும்பினோம். அது கூடாத பொருள் அல்ல. நேரத்தைப் பழக்கவும் கேள்வியின் நடையைப் பழக்கவும் அது வேண்டும். ஆனால் விடையைச் சொடுக்கு முன் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. சராசரி 94இலிருந்து 81க்கு இறங்கியது. அந்த 81ஐ நான் நம்பினேன்.

மீண்டும் தவறிய செயல்திறன்

2024 யூன் அமர்வில் பொது வழிநடத்தல் 83, வானிலையியல் 88. செயல்திறன் 73. இரண்டு புள்ளியில் போனது. இரண்டு தடவை முடிந்தது, இன்னும் இரண்டே மிச்சம்.

இந்தத் தோல்விக்கு நானே பொறுப்பு. வழிநடத்தலிலும் வானிலையியலிலும் எனக்குச் சுவை இருந்தது, அங்கே நேரம் போனது. செயல்திறனை வரைபு வாசிப்பு என்று எண்ணி ஒதுக்கிவிட்டேன். உண்மையில் அது விதிகளும் பௌதிகமும் கலந்த பாடம். அவனுடைய பிழைகளை நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. தரையிறங்கத் தேவையான நீளத்தைக் கணக்கிடும்போது, ஜெற் விமானம் கிடைக்கும் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நிற்க முடிய வேண்டும். விசிறி சுழன்று இழுக்கும் டர்போபுரொப் விமானத்துக்கு 70 சதவீதம். ஓடுபாதை நனைந்திருந்தால் தேவையான நீளம் மேலும் 15 சதவீதம் கூடும். அவன் எல்லாவற்றுக்கும் 60ஐப் போட்டிருந்தான். வங்கியில் பெரும்பாலும் ஜெற் வினாக்களே வந்ததால் 60 என்பது கையில் ஊறிவிட்டது. தோடம்பழத்துக்கு முந்திய அதே பிழை.

பலாலியில் இறங்குவது எது? ஏடிஆர் 72. இரட்டை டர்போபுரொப். ஒரு கணக்குக்காக 1400 மீற்றர் ஓடுபாதை என்று வைத்துக்கொண்டோம். 70 சதவீதம் என்றால் 980 மீற்றர். மாரி மழையில் நனைந்திருந்தால் 1.15ஆல் வகுக்க வேண்டும், 852 மீற்றர். 60ஐப் போட்டால் காய்ந்த ஓடுபாதைக்கே 840தான் வரும். சதவீதத்தை மாற்றிப் போட்டால் எத்தனை பயணிகளை இறக்கிவிட வேண்டியிருக்கும் என்று அவனே கணக்குப் பார்த்தான்.

வெப்பத்தையும் ஊரிலேயே பார்த்தோம். விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும் நியம வளிமண்டலத்தில் கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸ். யாழ்ப்பாணத்தில் ஒரு சித்திரை மத்தியானம் 32 என்றால் 17 பாகை அதிகம். ஒரு பாகைக்கு 120 அடி என்ற தோராய விதிப்படி, கடலோரத்துப் பலாலி ஏறத்தாழ 2000 அடி உயரத்திலுள்ள ஓடுபாதைபோல நடந்துகொள்ளும். காற்று மெலிவு, எஞ்சினுக்கு வலு குறைவு, இறக்கைக்கு ஏற்றம் குறைவு, ஓட வேண்டிய தூரம் அதிகம். தகப்பனாரின் தோட்டத்து வரம்பில் நின்று மத்தியான விமானம் எழும்புவதைப் பார்த்துவிட்டு வந்து, "இன்று அது நீண்ட தூரம் ஓடியது சேர்" என்றான். அது வெப்பத்தாலா, பாரத்தாலா என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் அவன் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

ஒக்டோபரில் செயல்திறன் 86. கூடவே பறத்தல் தத்துவமும் விமான உடற்றொகுதிகளும் முடிந்தன.

கடைசி அமர்வு

2025 பெப்ரவரிக்கு மூன்று பாடங்கள் மிச்சம். கருவிகள், வானொலி வழிநடத்தல், பயணத் திட்டமிடல். பாரமான மூன்றைக் கடைசிக்குத் தள்ளியது நல்ல திட்டமல்ல. ஒன்று தவறினாலும் மார்ச் 31க்குள் மறுபடி விசா, டிக்கெட், இடம் எல்லாம் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். இந்தப் பாதையில் வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பாரமான பாடங்களை முதல் இரண்டு அமர்வுக்குள் எழுதுங்கள், மனப்பாடப் பாடங்களைப் பின்னால் வையுங்கள். முதல் அமர்வில் கிடைக்கும் இலகுவான வெற்றி உங்களைப் பற்றி உங்களுக்கே பிழையான செய்தி சொல்லும்.

முடிவு வந்த இரவு தகப்பனார்தான் அழைத்தார். புள்ளிகளை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "மூன்றும் சரியாம்" என்றார். பிறகு ஏதோ சொல்ல வந்து, வெங்காய விலையைப் பற்றிப் பேசினார்.

கோட்பாடு முடிந்த நாளிலிருந்து 36 மாதங்களுக்குள் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்தையும் கருவிவழிப் பறத்தல் தகுதியையும் அவன் எடுக்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டும், காணி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த கட்டத்துக்குப் புறப்படு முன் கொட்டிலுக்கு வந்தான். நெல்லியடியிலிருந்து ஒரு பிள்ளை இதே பாடநெறியைத் தொடங்கியிருக்கிறாள், அவளுக்குக் கொடுங்கள் என்று பிழைக் கொப்பியைத் தந்தான். வினாக்கள் எல்லாம் இடப்பக்கத்தில் அப்படியே இருந்தன. வலப்பக்கங்கள் ஒவ்வொன்றிலும் வெள்ளைத்தாள் ஒட்டி விடைகளை மூடியிருந்தான்.